தண்ணீர் வற்றும் நேரத்துக்குப் போங்கள்: செம்பவாங் பூங்கா அனுபவம்

சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் செம்பவாங் பூங்காவுக்கு முதல் தடவை போனபோது அங்கே கடற்கரையே இல்லை.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பிள்ளைகள் இருவரும் வாளியும் மண்வெட்டியுமாகப் பேருந்திலிருந்து இறங்கி ஓடினார்கள். புல்தரை முடிந்த இடத்தில் தடுப்புச் சுவர். சுவருக்குக் கீழே நேராகத் தண்ணீர். ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மணல்திட்டு இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கொண்டுபோன ஒரு பாட்டில் தண்ணீர் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. நிழலில் உட்காரலாம் என்று மரத்தடிக்குப் போனால், கண்ணுக்கே தெரியாத சாண்ட்ஃபிளை கடித்துத் தள்ளிவிட்டது. சின்னவளுக்குக் கால் முழுக்கத் தடிப்பு. அது வடிய நான்கு நாள் ஆனது. "இதுக்கு ஈஸ்ட் கோஸ்ட்டுக்கே போயிருக்கலாம்" என்றாள் மனைவி. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் மாமனாரிடம் இதைச் சொன்னேன். அவர் 1951இல் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்தவர். அங்கே வளர்ந்தவர்கள் யாரும் அதை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "நேவல் பேஸ்" என்றுதான் சொல்வார்கள். நான் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தனை மணிக்குப் போனீங்க மாப்ள?"

"பன்னெண்டு இருக்கும் மாமா."

"நேத்துதானே பௌர்ணமி. பௌர்ணமிக்கு மறுநாள் மத்தியானத்துல அங்க கடல்தான் இருக்கும், கரை எங்கருந்து இருக்கும்? தண்ணி வத்துற நேரம் பாத்துல்ல போகணும்."

நான் பிறந்து வளர்ந்தது மல்லிப்பட்டினம் பக்கம். பாக் நீரிணைக் கடல் எனக்குப் பழக்கம்தான். ஆனால் எங்கள் ஊரில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் முழங்கால் கணக்குக்குள் அடங்கிவிடும். கரை எப்போதும் இருந்த இடத்தில்தான் இருக்கும். இங்கே சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜோகூருக்கும் நடுவே உள்ள ஜோகூர் நீரிணையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசம் வருகிறது. இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். காலையில் நண்டு ஓடிய மணலுக்கு மேல் மத்தியானம் படகு போகும். இது தெரியாமல் செம்பவாங்குக்குப் போகிறவர்கள்தான் திரும்பி வந்து "அங்கே ஒன்றுமே இல்லை" என்கிறார்கள். நானும் அன்று சாயங்காலம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, அமாவாசையை ஒட்டி வந்த சனிக்கிழமை, மாமா எங்களை விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டார். டாக்சியில் போய் இறங்கும்போது ஆறேகால், இன்னும் இருட்டு. சிங்கப்பூரில் சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடும். கையில் டார்ச், எல்லோர் காலிலும் மூடிய காலணி. தடுப்புச் சுவரின் படிகளுக்கு வந்து வெளிச்சத்தைக் கீழே அடித்தோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் அலை மோதிக்கொண்டிருந்த இடத்தில் மணல். அதற்கப்பால் இன்னும் மணல், பிறகு கல்லும் சேறும் கலந்த தரை. தண்ணீர் எங்கோ தள்ளி மெதுவாகச் சளசளத்துக்கொண்டிருந்தது. பெரியவன் ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் உட்கார்ந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளுக்க ஆரம்பித்ததும் மணலில் ஏதோ கொட்டிக் கிடப்பது தெரிந்தது. பச்சைப்பயறு அளவில் மணல் உருண்டைகள், ஆயிரக்கணக்கில். குனிந்து பார்த்தால் தாறுமாறாகக் கிடக்கவில்லை. நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, துளையிலிருந்து நாலாபுறமும் கோடு கோடாக வழி, வழியின் ஓரங்களில் உருண்டைகள். வாசலில் புள்ளி வைத்து இழுத்த கோலம் போலவே இருந்தது. அப்படி நூற்றுக்கணக்கான கோலங்கள், ஒன்றை ஒன்று தொடாமல்.

"அசையாம உக்காருங்க, வரும்" என்றார் மாமா.

இரண்டு மூன்று நிமிடம் மூச்சுகூடப் பெரிதாக விடாமல் உட்கார்ந்தோம். முதலில் ஒரு துளையில் இரண்டு கண்கள் தெரிந்தன. பிறகு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய நண்டு ஒன்று வெளியே வந்தது. மணல் நிறமே அதற்கும். இரண்டு கொடுக்காலும் மாற்றி மாற்றி மணலை அள்ளி வாயில் போடுகிறது. வாய்க்குள் அந்த மணலைச் சலித்து, அதில் ஒட்டியிருக்கும் நுண்பாசியையும் மக்கலையும் உணவாக எடுத்துக்கொள்கிறது. மிச்ச மணல் வாயருகே உருண்டையாகத் திரண்டுகொண்டே வருகிறது. பயறு அளவு ஆனதும் ஒரு கொடுக்கால் அதை வெட்டி எடுத்துக் காலுக்கடியில் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு எட்டு நகர்ந்து அடுத்த வாய். ஒரு உருண்டைக்குச் சில நொடிகள்தான். சின்னவள் எண்ண ஆரம்பித்து முப்பத்தேழில் தும்மிவிட்டாள். அவ்வளவுதான், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒரு நண்டு இல்லை. அத்தனையும் துளைக்குள். மறுபடி வர இன்னொரு மூன்று நிமிடம் காத்திருந்தோம். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் ஏறும்போது இந்த உருண்டைகள் எல்லாம் கரைந்துவிடும். அடுத்த வற்றத்தில் நண்டு புதிதாக ஆரம்பிக்கும். அதனால் நீங்கள் பார்க்கிற கோலம் எதுவும் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் பழையது கிடையாது. இதைப் பிள்ளைகளுக்கு மாமா சொன்னபோது, பெரியவன் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தான். நண்டு மேய்கிற இடத்தை மிதிக்காமல் ஈரம் வடிந்த கெட்டி மணல் ஓரமாக நடந்து போக முடியும். நாங்கள் அப்படித்தான் போனோம்.

இந்தக் கரையின் அருமை புரிய, சிங்கப்பூரின் மற்ற கரைகளை யோசித்துப் பார்க்க வேண்டும். 1960இல் 580 சதுர கிலோமீட்டரை ஒட்டியிருந்த நாடு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. வார இறுதியில் நாம் சைக்கிள் ஓட்டுகிற ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா முழுவதும் 1966க்குப் பிறகு தூர்த்த நிலத்தின் மேல் இருக்கிறது. இயற்கையாக அமைந்த மணற்கரை மிச்சமிருக்கும் ஒருசில இடங்களில் செம்பவாங்கும் ஒன்று. நீளமானதல்ல, அழகு பார்த்து அலங்கரித்ததும் அல்ல. மாமாவின் தகப்பனார் பார்த்த அதே கரை, அவ்வளவுதான்.

அந்தத் தகப்பனார் கப்பல் பட்டறைத் தொழிலாளி. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர். 1938 பிப்ரவரியில் இங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் திறந்த உலர்துறை (கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துப் பழுதுபார்க்கும் இடம்) அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். "சங்கு ஊதுச்சுன்னா போதும், கேட்டுலருந்து சைக்கிளா வரும். ரோடே தெரியாது" என்று மாமா கையை அகல விரித்துக் காட்டினார். 1967இலும் 68இலும் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தைக் காலி செய்யப்போவதாக அறிவித்தபோது மாமாவுக்குப் பதினாறு, பதினேழு வயது. வீட்டில் பல நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். பட்டறை 1968இல் செம்பவாங் ஷிப்யார்டாக மாறி வேலை தொடர்ந்தது. 1971இல் படைகள் போயின. இப்போது அந்த ஷிப்யார்டும் துவாஸுக்கு மாறவிருக்கிறது. அந்த இடத்தைக் கடலோர வட்டாரமாக மாற்றத் திட்டமிருக்கிறது. ஆகவே இந்த வடகோடியின் அமைதியைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து.

தளத்துத் தமிழர்கள் விட்டுப்போன இன்னொரு தடம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஈசூனில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிற புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் 1960களில் இந்தத் தளத்துப் பகுதியில், கேன்பரா ரோட்டில், மரத்தடியில் தொடங்கியது. 1996இல்தான் ஈசூனுக்கு வந்தது. ஆண்டுதோறும் அங்கே போகிற நான், இதை மாமா சொல்லித்தான் அறிந்தேன்.

ஏழரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம். மணலை விட்டு ஜெட்டிக்குப் போனோம். கடலுக்குள் நீளும் அந்தப் பழைய ஜெட்டியில் விடிய விடிய தூண்டில் போடுகிறவர்கள் இருந்தார்கள். எதிர்க்கரையில் ஜோகூரின் பாசிர் கூடாங் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், இடது கைப்பக்கம் ஷிப்யார்ட். நடுவில் தண்ணீர் ஒரு ஆறு அகலத்துக்குத்தான் தெரிகிறது. கலங்கலாகவும் இருக்கிறது. மேற்கே உட்லண்ட்ஸ் கடற்பாலம் 1924இல் திறந்ததிலிருந்து நீரிணை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கல்லைக் கொட்டிக் கட்டிய பாலம் என்பதால் இந்தப் பக்கத் தண்ணீர் அந்தப் பக்கம் போய்க் கலக்க வழியில்லை. அதனால் நீச்சல் ஆசை இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கலங்கல் மட்டும் காரணம் இல்லை. சேற்றில் திருக்கை புதைந்து கிடக்கும், கற்களோடு கல்லாகக் கல்மீன் இருக்கும், ஜெல்லிமீன் வரும். செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் கால் நனைக்கிற நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

ஜெட்டியில் ஒரு மலாய்ப் பெரியவர் (இங்கே பெரியவர்களை மலாயில் "பக்சிக்" என்றுதான் கூப்பிடுவார்கள்) நண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்தார். இரும்பு வளையத்தில் கட்டிய வலை, நடுவில் மீன் தலை. வலைக்குள் பூநண்டு ஒன்று. அவர் அதை அலாக்காகப் பின்னங்கால் பக்கம் பிடித்துத் திருப்பி என் பிள்ளைகளிடம் காட்டினார். வயிற்றுப்பக்கம் செம்மஞ்சளாக முட்டைக்கொத்து, பஞ்சு அடைத்தது போல. "அம்மா" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார், பிள்ளைகள் தமிழர்கள் என்று தெரிந்துகொண்டு. உடனே தண்ணீரில் விட்டுவிட்டார். மாமா அவரோடு மலாயில் பேச ஆரம்பித்து, இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பக்கம் வளர்ந்தவர்கள் என்று தெரியவர, எங்களுக்கு அங்கே மேற்கொண்டு முக்கால் மணி நேரம் போனது. நான் கற்றுக்கொண்ட ஒன்று இது: ஜெட்டிக்குப் போனால் தூண்டில்காரர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்கள், கொக்கி வீசும்போது ஆபத்து. ஆனால் பேச்சுக் கொடுங்கள். அன்றைய தண்ணீர் எப்படி, எந்நேரம் ஏறும், வானம் எப்படி என்று எந்தச் செயலியைவிடவும் அவர்களுக்குத் தெரியும்.

வானத்தைப் பற்றி அனுபவப்பட்டே தெரிந்துகொண்டேன். ஆகஸ்டில் நான் மட்டும் ஒரு விடியலில் போயிருந்தபோது, மேற்கே கறுப்பாக ஒரு கோடு. பக்சிக் ஒருவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு "சுமத்ரா, சுமத்ரா" என்று என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் படம் எடுத்து முடித்துப் போகலாம் என்று நின்றேன். பத்து நிமிடத்துக்குள் காற்று ஆளைத் தள்ளியது, மின்னல் நீரிணைக்கு மேலேயே இறங்கியது. ஜெட்டியின் நுனியிலிருந்து கரைக்கு ஓடி வந்தது இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது. சுமத்ராவில் உருவாகி மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் இந்தச் சூறைமழை, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரையிலான மாதங்களில் பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோதான் வரும். மணலைப் பார்க்க நல்ல காலமும் அதேதான். எனவே கிளம்புமுன் வானிலைச் செயலியில் மழை ராடாரைப் பார்ப்பதை நான் இப்போது தவறவிடுவதில்லை. மேற்கிலிருந்து வில் போல ஒரு பட்டை வந்தால் அன்றைக்குத் தூங்கிவிடுவது நல்லது.

நேரம் பார்ப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். துறைமுக ஆணையத்தின் கடல்மட்ட அட்டவணையில் செம்பவாங்குக்குத் தனிக் கணக்கு உண்டு. தெற்கே தஞ்சோங் பகாருக்குப் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வராதீர்கள், மாறுபடும். அட்டவணையில் வற்றம் 0.5 மீட்டருக்குக் கீழே இருக்கிற நாளாகத் தேர்ந்தெடுங்கள். என் அனுபவத்தில் அதற்கு மேல் போனால் நண்டு மேயும் மணல் சிறுத்துவிடுகிறது. அட்டவணை கையில் இல்லையென்றால் வீட்டு நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி, அதற்கடுத்த இரண்டு மூன்று நாள். ஆண்டின் நடுவில், ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும், ஆழமான வற்றம் விடியலில் விழும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அது சாயங்காலத்துக்கு மாறிவிடும். சின்னப் பிள்ளைகளை எழுப்ப முடியாதவர்களுக்கு அந்தச் சாயங்காலங்கள் சரிப்படும், ஆனால் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துக் கணக்குப் போடணும். வற்றம் அடியைத் தொடும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். தண்ணீர் திரும்பிவிட்டால் நீங்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்துவிடும். முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு குனிந்திருக்காதீர்கள்.

போக்குவரத்து சுலபம். செம்பவாங் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பேருந்து முனையத்தில் 882 ஏறினால் செம்பவாங் ரோடு கடலில் முட்டும் இடத்தில் இறக்கிவிடும். கழிவறையும் கால் கழுவக் குழாயும் பூங்காவில் உண்டு. பக்கத்தில் கோப்பிக் கடை, மளிகைக் கடை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். இட்லியும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது எங்கள் வழக்கமாகிவிட்டது. சாண்ட்ஃபிளைக்கு முழுக்கால் சட்டைதான் நம்பகமான மருந்து. எண்ணெய் தடவிக்கொண்டால் அது ஒட்டிச் சாகும் என்று மாமா சொல்கிறார். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் ஓரளவு வேலை செய்தது.

வெயில் ஏறியபிறகு மரங்களைப் பார்க்கலாம். கரையோரம் புன்னைகள் நிற்கின்றன. நெய்தல் நிலத்தைப் பாடியவர்கள் விடாமல் பாடிய அதே புன்னை, அதே வெள்ளைப் பூ, மஞ்சள் மகரந்தம். உள்ளே செம்பவாங் என்ற பெயருக்கே காரணமான செம்பவாங் மரம் ஒன்றை வளர்த்திருக்கிறார்கள். அதுவும் நம் நாகமரமும் புன்னையும் ஒரே குடும்பம். கல்வெட்டு மாதிரி ஒரு பலகை இருப்பதால் கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம், அவ்வளவு அடக்கமான மரம். மேட்டின் மேல் இருக்கும் பியூலியூ ஹவுஸ், நேவல் பேஸ் வருவதற்கு முந்தைய கடலோர பங்களா. பிறகு கடற்படை அதிகாரிகள் தங்கினார்கள். 2005இலிருந்து பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதன் தாழ்வாரத்து இரும்புப் பின்னல் வேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மாமா சின்ன வயதில் அந்தப் பக்கம் காலடி வைத்ததில்லையாம். முதல் தடவையாகப் படியேறியபோது, கம்பியை உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிட்டுத்தான் மேலே போனார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஏழெட்டு தடவை போய்விட்டோம். கடல்மட்ட அட்டவணை இப்போது மாமா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், தமிழ் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 0.3க்குக் கீழே வருகிற நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். நேற்று இரவு பத்து மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு.

"மாப்ள, வெள்ளிக்கிழமை காலைல ஆறு நாப்பது. 0.2 போட்டிருக்கான். லீவு கெடைக்குமா, பாத்துச் சொல்லுங்க. பக்சிக்கும் வர்றேன்னு சொல்லிட்டாரு."